வெள்ளரிக்காய் தின்று கயிறு இழுத்த கதை

இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது, ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. யார் யார் மேல் கோபம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு மேல், போனில் வந்து பாடம் நடத்திய ஒரு பையன் மேல், விசில் ஊதிய நடுவர் மேல், என் வீட்டுக்காரர் முறுக்கு மென்ற சத்தத்தின் மேல். எல்லாரையும்விட அதிகமாக, முப்பத்தொன்பது வயதாகியும் புத்தி வராத கலைவாணி என்கிற பெண்மணியின் மேல். அந்தக் கலைவாணி நான்தான்.

எனக்கு வேலை தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கேதான் போய் உட்கார வேண்டும்.) வீடு அதியமான்கோட்டையில். வீட்டுக்காரர் மாதேஷ் ஹைவே ஓரமாக பேட்டரி கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் யாழினி, அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் அலுவலகங்களுக்கு இடையே விளையாட்டுப் போட்டி என்று சுற்றறிக்கை வந்தது. பெண்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி, அணிக்கு எட்டுப் பேர். சூப்பிரண்டு சார் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய்ப் பெயர் எழுதினார். மற்றவர்களிடம் "வர்றீங்களாம்மா?" என்று கேட்டவர், என் மேசைக்கு வந்ததும் கேட்கவே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"கலை மேடம், நீங்கதாங்க கடைசி ஆளு. யோசிக்கவே வேணாம். உங்கள பின்னாடி நிக்க வெச்சிட்டா, லாரி டயருக்குக் கல்லு குடுத்த மாதிரி. ஒருத்தராலயும் அசைக்க முடியாதுங்க."

செக்ஷனே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். எதற்குச் சிரித்தேன்?

அணிக்குத் தலைவி ஷாஹிதாக்கா. ரெக்கார்டு ரூம் அவர் பொறுப்பில். காலேஜ் நாட்களில் கபடி ஆடியவர். ஐம்பத்தொன்பது வயதிலும் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவார். அடுத்த மே மாதம் ரிட்டயர்டு. "இத்தன வருஷ சர்வீஸ்ல இந்த ஆபீசுக்கு ஒரு கப்பு கூட வந்ததில்ல கலை. போறதுக்குள்ள ஒன்னு வாங்கி அந்த அலமாரி மேல வெச்சிட்டுப் போயிடணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த லாரிக் கல்தான்.

அன்று சாயங்காலம் எடை பார்த்தேன். எண்பத்திரண்டு. போட்டிக்கு நாற்பது நாள் இருந்தது. நாற்பது நாளில் ஒல்லியாகிவிடுவேன், அதே ஒல்லி உடம்போடு போய்க் கயிற்றையும் இழுத்துக் காட்டுவேன், சூப்பிரண்டு மூக்கறுபட்டு நிற்பார். இதுதான் திட்டம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை போடும் சங்கதிகள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வழிகாட்டுவதற்கு ஒரு பையன் கிடைத்தான், போனில். சட்டை போடாத பையன். வயிற்றில் ஆறு கட்டம் வைத்திருந்தான். "பசிங்கறது உடம்பு சொல்ற பொய். நம்பாதீங்க" என்றான். நம்பவில்லை. அவனை நம்பினேன். காலையில் எலுமிச்சை பிழிந்த வெந்நீர். மதியம் இரண்டு வெள்ளரிக்காய். ராத்திரி ஒரு டம்ளர் மோர். (உப்பு போடக் கூடாதாம். அவன் உருப்படுவானா?) இது போக விடியற்காலையில் சர்வீஸ் ரோட்டில் ஓட்டம், மொட்டைமாடியில் முந்நூறு ஸ்கிப்பிங். சாயங்காலம் ஆபீசுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில், புங்கமரத்தில் கயிற்றைக் கட்டி எட்டுப் பேரும் இழுப்போம்.

முதல் வாரம் மரம் என்னைக் கண்டு பயந்தது. எடையும் மூன்று கிலோ இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது வாரத்தில் கயிறு என் பிடியிலிருந்து நழுவத் தொடங்கியது. ஷாஹிதாக்கா கவனித்துவிட்டார்.

"கலை, மத்தியானம் என்னா சாப்ட்ட?"

"சாப்ட்டேங்க்கா."

"சாப்ட்டியான்னு கேக்கல. என்னா சாப்ட்டன்னு கேட்டேன்."

"வெள்ளரிக்கா."

"அப்புறம்?"

"இன்னொரு வெள்ளரிக்கா."

அவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "எடை கொறைக்கணும்னா கொறச்சிக்க. யாரு வேணாங்கிறா? வழக்கமா திங்கறதுல ஒரு கை கம்மியா தின்னு, வடை போண்டாவ வுடு. ஆனா கயிறு புடிக்கிற ஒடம்புக்கு உள்ள எதாச்சும் இருக்கணும். இழுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு வாழப்பழமோ நாலு இட்லியோ தின்னு. முடிச்சதும் ஒரு முட்ட, ஒரு கை கடல. நானும் அந்தக் காலத்துல பட்டினி கெடந்து கபடி ஆடப் போயி, கோட்டத் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்தவ. சொன்னா கேளு."

"சரிங்க்கா, நாளையிலேர்ந்து சாப்பிடறேன்" என்றேன்.

சாப்பிடவில்லை. ஆனால் தினமும் சாப்பிட்டதாகச் சொன்னேன். இன்றைக்கு இட்லி, இன்றைக்குக் களியும் கீரையும், இன்றைக்கு முட்டை என்று விதவிதமாகச் சொன்னேன். பசியோடு இருக்கிறவளுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? வர்ணனை தானாக வந்து கொட்டியது.

வீட்டிலும் என் அட்டகாசம் தாங்க முடியவில்லை. பசி எனக்கு மயக்கமாக வரவில்லை, கோபமாக வந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மசாலாக் கடலை தின்ற ஒரு மனிதரை நான் பார்த்த பார்வையில், அவர் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டில் ஒருநாள் மாதேஷ் டீயோடு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"கொஞ்சம் சத்தமில்லாம திங்க மாட்டீங்களா?"

"முறுக்கு கலை இது. சத்தமில்லாம எப்பிடித் திங்கிறது? ஊற வெச்சா?"

"அப்ப வெளிய போய்த் தின்னுங்க!"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் போய் நின்று தின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்னங்க, வூட்டுல சண்டைங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். யாழினி ஜன்னல் வழியாக, "அப்பா, நீ பேசாம கடையிலயே தங்கிடுப்பா" என்றாள். அவளுக்கும் அன்று திட்டு விழுந்தது.

போட்டி நாள். எடை எழுபத்திமூன்று. அதை எழுபத்திரண்டாக்கிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவது என்று, அன்றைக்கும் விடாமல் முந்நூறு ஸ்கிப்பிங் போட்டேன். யாழினி தட்டில் இட்லி கொண்டு வந்து நீட்டினாள்.

"அம்மா, ரெண்டாச்சும் தின்னுட்டுப் போம்மா."

"வந்து திங்கிறேன், எடுத்துட்டுப் போ."

மைதானத்தில் பதினோரு மணி வெயில். முதல் சுற்றில் எங்களோடு மோதிய அணியினர் பாதிப் பேர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்கள். சுலபமாக ஜெயித்தோம். முன்னால் நின்ற ஏழு பேர்தான் இழுத்தார்கள். நான் கயிற்றின் கடைசியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே நடந்து போனேன், அவ்வளவுதான். ஆனாலும் சூப்பிரண்டைத் திரும்பிப் பார்த்தேன், ஏதோ நானே இழுத்த மாதிரி.

மொத்தமே நாலு அணிகள் என்பதால் அடுத்தது நேராக இறுதிப் போட்டி. எதிரணியின் கடைசி ஆள் ஓர் ஒல்லிப் பெண். என்னில் பாதி இருப்பாள். போட்டிக்கு முன்னால் நிழலில் உட்கார்ந்து ஒரு தூக்குப்போசியிலிருந்து எதையோ எடுத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள். 'இழுக்கப் போகிற நேரத்தில் தீனியைப் பார்' என்று எனக்கு எரிச்சல். எரிச்சலா, பொறாமையா? இப்போது சொல்கிறேன், பொறாமைதான்.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் இழுப்பு எங்களுக்கு. ஷாஹிதாக்கா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மறக்காது.

இரண்டாவது இழுப்பு. விசில் ஊதியதும் காலை ஊன்றினேன். கண்ணுக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். காதுக்குள் ஒரு மிக்ஸி ஓடியது. அடுத்து எனக்குத் தெரிந்தது வாயில் மண். இடுப்பில் கயிறு சுற்றியிருந்ததால், நான் விழுந்தாலும் கயிறு என்னை விடவில்லை. செம்மண்ணில் என்னை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு போனது. நான் மோதி எனக்கு முன்னால் நின்ற பெண் விழுந்தாள், அவள் மோதி அடுத்தவள். வரிசையே சரிந்தது. "கலை! எந்திரி கலை!" என்று ஷாஹிதாக்கா கத்துவது கேட்டது.

விசில். நடுவர் என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"படுத்துக்கிட்டு இழுக்கக் கூடாதும்மா. ஃபவுல்!"

மயக்கம் தெளிந்ததா, கோபம் தெளிய வைத்ததா, தெரியாது. படுத்தபடியே கத்தினேன். "யாருய்யா படுத்தது? நான் மயக்கம் போட்டுட்டேன்யா!"

"மயக்கம் போட்டவங்க பேச மாட்டாங்கம்மா."

எழுந்தேன். அவரை நோக்கி ஆவேசமாக நாலு எட்டு வைத்தேன். இடுப்பில் கயிறு இருப்பது மறந்துபோய்விட்டது. அதன் மறுமுனையை எதிரணி எட்டுப் பேரும் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஐந்தாவது எட்டு வைக்க, கயிறு விறைத்து, என்னைச் சுண்டி மல்லாக்கத் தள்ளியது. கூட்டம் கைதட்டியது. (கைதட்டியவர்களில் எங்கள் ஆபீஸ்காரர்களும் உண்டு. யார் யார் என்று பட்டியல் வைத்திருக்கிறேன்.)

மூன்றாவது இழுப்புக்கு என்னால் நிற்க முடியவில்லை. மாற்று ஆள் கிடையாது. எங்கள் ஏழு பேரும் எதிரணி எட்டுப் பேரோடு இழுத்தார்கள். பந்தலுக்குள் நாற்காலியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பேரும் வாயை இறுக்கிக்கொண்டு, குதிகாலால் மண்ணைக் கிழித்துக்கொண்டே கோட்டைத் தாண்டி இழுபட்டுப் போனார்கள். தோற்றுவிட்டோம்.

முதலில் என்னிடம் வந்தவள் அந்த ஒல்லிப் பெண்தான். வத்தல்மலைக்காரி. தூக்குப்போசியைத் திறந்து நீட்டினாள். "தினைமாவு உருண்டைங்க. எங்க தோட்டத்துத் தினை, எங்கம்மா புடிச்சது. தின்னுங்க, சரியாயிடும்."

"எனக்கு ஒன்னும் வேணாம்!" என்று அவளிடமும் கத்தினேன். கத்திவிட்டு ஒன்று எடுத்தேன். வெல்லமும் ஏலக்காயும் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு உருண்டை தின்றேன். "மெதுவாங்க, தண்ணி குடிங்க" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கப்பை ஜெயித்த கையால் தடவுகிறாளே என்று அதற்கும் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஷாஹிதாக்கா வந்தார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தது.

"காலையில என்னா சாப்ட்ட?"

நான் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"நேத்து?"

"மோருக்கா."

"அப்ப இட்லி, முட்ட, களின்னு சொன்னதெல்லாம்?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ ஒல்லியாகறதப் பத்தி எனக்கு ஒன்னுமில்ல கலை. ஏழு பேரு உன்ன நம்பி முன்னாடி நின்னாங்க. முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற ஆளப் போட்டிருப்பேன்." குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

அவர் மேல் கோபப்பட ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த நாற்பது நாளில் நான் கோபப்பட முடியாமல் போன ஒரே ஆள் அவர்தான்.

சூப்பிரண்டு சார் வந்தார். "என்னங்க மேடம், உங்க வெயிட்ட நம்பித்தானே..." என்று ஆரம்பித்தார். வயிற்றில் ஆறு உருண்டை இருந்தது. நிதானமாகச் சொன்னேன். "சார், இனிமே என் உடம்பப் பத்தி ஒரு வார்த்தகூட பேசாதீங்க. எனக்குப் புடிக்கல."

அவர் முகம் சுருங்கிப்போய், "சாரிங்க மேடம்" என்றார். அவ்வளவுதான். இதை அன்றைக்கே என் மேசையில் உட்கார்ந்தபடி சொல்லியிருந்தால் ஒரு வெள்ளரிக்காய்கூடத் தின்றிருக்க வேண்டாம்.

போன ஒன்பது கிலோவும் இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. ஷாஹிதாக்கா பதினோரு நாள் என்னிடம் பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் என் மேசையில் இரண்டு வாழைப்பழத்தை வைத்தார். "நாலு மணிக்குத் தின்னு. அஞ்சு மணிக்கு மரத்துக்கிட்ட வா" என்றார். போட்டி எதுவும் இல்லை. ஆனாலும் அவர் ரிட்டயர்டு ஆகும்வரை நாங்கள் இரண்டு பேரும் புங்கமரத்தை இழுத்தோம். அவர் கப்பு இல்லாமலேதான் போனார். அந்த அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னை அறையத் தோன்றும். அவர் சொன்னபடி, உழைப்புக்குத் தேவையானதைத் தின்று, வடையை விட்டு, இந்த நாலு வருஷத்தில் ஏழு கிலோ இறங்கியிருக்கிறேன். திரும்பி வரவில்லை.

திரும்பத் திரும்ப வருவது வேறொன்று. நான் கயிற்றோடு இழுபட்டுப் போனதை எவனோ போனில் படம் எடுத்திருக்கிறான். அது, நான் பட்டினி கிடந்து விழுந்த கதையோடு சேர்ந்து, எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்புகளில் எல்லாம் போய்விட்டது. போன ஆவணியில் காரிமங்கலத்தில் மாதேஷின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். பந்தி நடக்கும் பக்கம் திரும்பி, "டேய், கயிறு அம்மா வந்துட்டாங்க! மொதல்ல எலையப் போடுங்கடா, அப்புறம் தாலி கட்டிக்கலாம்!" என்று கத்தினார்.

போட்டார்கள். ஆளில்லாத நீள வரிசையில் எனக்கு மட்டும் ஓர் இலை. மாதேஷும் யாழினியும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேடையில் மணப்பெண்கூட எட்டிப் பார்த்தாள். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இட்லி, பொங்கல், ஒரு கரண்டி கேசரி எல்லாம் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, இலையை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, அதற்குப் பிறகுதான் அந்தப் பெரியவரைப் பிடித்துத் திட்டினேன்.