இன்னைக்கே ரெடி

"இந்தப் பேரைப் பதிவு பண்ண முடியாதும்மா," என்றார் டிரேட்மார்க் ஆபீஸ் அதிகாரியம்மா. "'இன்னைக்கே ரெடி'ங்கறது செய்யற வேலையைச் சொல்ற சொல். அன்னைக்கே ரிப்பேர் பண்ணித் தர்ற யாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி எழுதிக் கொடுக்கறது?"

மனுவோடு எதிரே உட்கார்ந்திருந்தவள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் என்பதால் அவளுக்கு வீட்டில் 'டிகிரி' என்றே பெயர். அப்பா மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்கிறவர்; அவர் கடையின் பெயர்தான் 'இன்னைக்கே ரெடி'. போன மாதம் எதிர்ச்சாரியில் ஒருவன் பெரிய கடை திறந்து, அதே பெயரை விளக்குப் போட்டு மாட்டிவிட்டான். அன்றிலிருந்து கூட்டம் அங்கேதான். பெயரும் கைவிட்டுப் போனால் அப்பா கடையை மூடவேண்டியதுதான்.

டிகிரிக்குக் கோபம் வந்தால்தான் மூளை ஓடும். கடைக்குத் திரும்பியதும் கேட்டாள்.

"அப்பா, அந்தச் சொல் நம்ம வேலையைச் சொல்லவே இல்லேன்னு நிரூபிச்சா?"

"எப்படி?"

"நீங்க என்னைக்குச் சொன்ன நாள்ல கொடுத்திருக்கீங்க?"

அப்பா ஸ்க்ரூடிரைவரோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "படிச்சவ நீ. பார்த்துச் செய்."

சொன்ன நாளில் பொருள் வந்ததே இல்லை என்று தெரிந்த வீடுகளாகப் பார்த்துக் கடிதம் கேட்டுப் போனாள். யார் எழுதித் தருவார்கள் என்ற பயம் முதல் வீட்டிலேயே தீர்ந்தது. நாற்காலி போட்டு, டீ கொடுத்து எழுதினார்கள். கணக்கு டீச்சர் இரண்டு பக்கமும் நிரப்பிவிட்டு இன்னொரு தாள் கேட்டார். சொந்தச் சித்தப்பாவே, 'அண்ணன் எனக்கு உயிர். ஆனால் என் அயர்ன் பாக்ஸைப் பார்த்து எட்டு மாதமாகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மொத்தம் முப்பத்தெட்டு.

அதிகாரியம்மா அத்தனையும் படித்தார். நடுவில் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒத்துக்கறேன். இந்தப் பேருக்கும் உங்க வேலைக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்ப கொடுத்துடுங்க."

"அப்ப இது ஜனங்களை ஏமாத்தற பேரும்மா. அதுக்கும் பதிவு கிடையாது."

"சொன்னபடி செஞ்சாலும் தப்பு, செய்யலேன்னாலும் தப்பு. சட்டம் எழுதினவர் வீட்டுல மிக்ஸியே ஓடலையா மேடம்?"

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே ஒரு வழி இருக்கு. அந்தப் பேரைப் பார்த்தா ஜனங்க உங்கப்பா கடைன்னுதான் நினைக்கறாங்கன்னு காட்டணும். அதுக்குச் சாட்சி கொண்டாங்க."

சாட்சிக்கு எங்கே போவது? ஜனங்கள்தான் எதிர்க்கடையில் நிற்கிறார்களே. டிகிரி தெருமுனை திரும்பியபோது அங்கே கூட்டம் படியிறங்கித் தெருவுக்கே வந்திருந்தது.

"எல்லாம் போச்சுப்பா. மனுவும் போச்சு, நானும் படிச்சுக் கிழிச்சாச்சு."

"விடு. ரெண்டு பேருமா வேற பேர் யோசிப்போம்," என்றார் அப்பா, ஒயரைச் சுற்றியபடி. அவர் அப்படிச் சொன்னதில் அவளுக்கு முக்கால்வாசிக் கோபம் இறங்கிவிட்டது.

அப்போது எதிர்க்கடைக்காரன் வந்தான். சட்டையில் இரண்டு பித்தானைக் காணோம். தன் விளக்குப் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து அப்பாவின் மேஜைமேல் வைத்தான்.

"அண்ணே, பேரை நீங்களே வச்சுக்கங்க. நீங்கதான் பெரிய கடைக்கு மாறிட்டீங்கன்னு நெனச்சு, ஒரு மாசமா வர்றவங்க அத்தனை பேரும் உங்ககிட்ட கொடுத்த மிக்ஸியை என்கிட்ட கேக்கறாங்க."