கீறண்ணை கண்டுபிடித்த கீறு

முற்றுப்புள்ளிக்குப் பயந்த மனிதர் கொழும்பிலேயே ஒருவர்தான். எங்கள் கொள்ளுப்பிட்டிக் கந்தோரின் கம்ப்யூட்டர்காரர், கீறண்ணை. சந்திக்குச் சந்தி ஆமி துவக்கோடு சென்றி நின்ற சண்டைக் காலம். அதற்கெல்லாம் அசையாத மனுசன், ஒரு புள்ளியைக் கண்டால் வியர்த்துப் போவார்.

காரணம் நாங்கள். மெஷினில் என்ன அடிக்க வேண்டும் என்று எங்களுக்குக் குறிப்பு எழுதித் தருவார். வசன முடிவில் அவர் வைத்த புள்ளியையும் சேர்த்து நான் அடிப்பேன். மெஷின் முரண்டு பிடிக்கும். மேற்கோள் குறிக்குள் எழுதினார், அதையும் அடித்தேன். நட்சத்திரம் போட்டார். மெஷினுக்கு நட்சத்திரம் என்றால் 'எல்லாம்' என்று அர்த்தமாம். ஒரு பில்லை அழிக்கப் போன முதலாளி நட்சத்திரத்தையும் அடிக்க, இருந்த பில் எல்லாம் போச்சு!

பிறகு மனுசனுக்குச் சோறு தண்ணி இல்லை. பஸ் போர்ட், பேப்பர், கடைப் பலகை எல்லாம் முறைத்துப் பார்த்தார். தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் ஒருத்தரும் பாவிக்காத அடையாளம் வேண்டுமாம். ஒருநாள் கீபோர்டின் இடது மூலையில் விரலை வைத்துக் கத்தினார்.

"பிள்ளை, இஞ்சை பாரும்! சின்னச் சாய்ஞ்ச கீறு! இதை ஆரும் எதுக்கும் தொடுறேல்லை!"

அன்றைக்கு விழுந்த பெயர்தான் கீறண்ணை. அதற்குப் பிறகு எல்லாக் குறிப்பின் தலையிலும் எழுதுவார்: "இரண்டு கீறுக்கு நடுவில் இருப்பதை மட்டும் அடிக்கவும். வெளியே நிற்கும் புள்ளி என்னுடையது."

ஒரு காலை வெள்ளவத்தையில் அவர் தங்கியிருந்த லொட்ஜை ஆமி சுற்றிவளைத்து, அங்கிருந்த தமிழர் எல்லோரையும் சந்தேகத்தில் பொலிசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று பின்னேரத்துக்குள் கடிதம் கொடுத்தால் விடுவார்களாம். இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்களாம்.

"புள்ள, டைப்ரைட்டர் எங்க?" என்றார் முதலாளி.

"அண்ணைதான் விக்கச் சொன்னவர், சேர். லெட்டர்ஹெட்டும் மெஷினுக்குள்ளதான்."

"யா அல்லாஹ்!"

மெஷினைத் திறந்து கடிதம் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே. அவருடைய குறிப்பை விரித்தேன். கீறுக்கு நடுவில் இருந்ததை மட்டும் அடித்தேன். ஒரு தரம்கூட மெஷின் முரண்டு பிடிக்கவில்லை. கடிதம் வந்து விழுந்ததும் முதலாளி தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார், நானும் பின்னால்.

பொழுதுபட, விடியக் கட்டியிருந்த சாரத்தோடு அண்ணை பொலிசிலிருந்து வெளியே வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்கக்கூட விடவில்லை.

"பிள்ளை, புள்ளியையும் சேர்த்து அடிச்சனீரோ?"

"இல்லை அண்ணை. அது உங்கட புள்ளி."

அந்த வாசலிலேயே மனுசன் அழுதுவிட்டார். நானும்தான்.