வின்ச்சு மாமாவின் ஊறல் கூடை

ரொட்டி சுட்டதற்காகப் போலீஸ் வீடு தேடி வந்த மனிதர், எனக்குத் தெரிந்து இந்த மெட்ராஸ் முழுவதிலும் ஒருவர்தான். சுட்டார் என்றால் கடையில் சுட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்பில் சுட்டார். அதுவும் பிழைப்புக்காக இல்லை, அந்தோணியாருக்குக் கொடுத்த வாக்குக்காக.

ராயபுரத்தில் எங்கள் காம்பவுண்டில் எதிர் வீடு அவருக்கு. துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டினார். கப்பலின் மேல்தளத்தில் நின்று, சரக்கு மூட்டைகளைத் தூக்கி இறக்குகிற இயந்திரம் அது. அதன் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் அடுத்த கப்பலில் இருப்பவரிடம் பேசுவது போலத்தான் பேசுவார். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் வின்ச்சு மாமா. மளிகைக் கடைக்காரர் மகளாகிய நான் அவருக்கு 'பீயெஸ்ஸி'. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். கையும் காலும் சும்மா இருக்க மறுத்த காலம்.

அவருக்கு அந்த யோசனை உதித்தது ஒரு சாப்பாட்டு வேளையில். வந்து நின்ற ஏதோ ஒரு தேசத்துக் கப்பலின் சமையல்காரர், ஒரு துண்டு ரொட்டியை அவர் கையில் திணித்திருக்கிறார். புளிப்பு ரொட்டி. மேலே வட்ட வட்டமாக வரி, பெரிய முறுக்கை ஒட்டவைத்த மாதிரி. வரி எப்படி வந்தது என்று இவர் ஜாடையில் கேட்க, அவர் உள்ளே போய் ஒரு பிரம்புக் கூடையைக் கொண்டுவந்து காட்டினார். பிசைந்த மாவை அந்தக் கூடையில் படுக்கவைத்தால் பரவி ஓடாமல் உருண்டையாகவே உப்புமாம். பிறகு கவிழ்த்துச் சுட வேண்டியதுதான்.

"ஒரு நிமிசம் தலயே சுத்திப்போச்சு, பீயெஸ்ஸி!" என்று அன்று சாயங்காலம் காம்பவுண்டு அதிரச் சொன்னார். "கூடை! நம்மாண்ட இல்லாத கூடையா? காசிமேட்டுக்குப் போனா மலை மாரி குமிஞ்சி கீது!"

சமையல்காரர் கொடுத்த புளித்த மாவு உருண்டை ஒன்று டிபன் கேரியரின் மேல் தட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்குக் 'கப்பல்காரன்' என்று பெயர் வைத்தார். அதில் கொஞ்சம் கிள்ளிப் போட்டுப் பிசைந்தால்தான் ரொட்டி மாவு புளித்து உப்புமாம். தினமும் மாவும் தண்ணீரும் ஊட்டினால் சாகாதாம்.

இதற்குப் பின்னால் ஒரு கவலை இருந்தது. அவர் மனைவி ஜெசிந்தா அக்கா மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வராந்தாவில் மண்டியிட்டு வேண்டியிருந்தார்: 'இவ நடந்து வூட்டுக்கு வந்தா, உன் திருநாளுக்கு என் கையால ரொட்டி தரேன்.' அக்கா நடந்தே வந்துவிட்டாள். எங்கள் பேட்டையில் அந்தோணியார் ரொட்டி நேர்ந்துகொள்ளாதவர்கள் குறைவு. எல்லாரும் பேக்கரியில் வாங்கி, கோயிலில் மந்திரித்து, பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். இவரால் அது முடியாது.

"வாய் சும்மா கெடந்துதா? 'ரொட்டி தரேன்'னு சொல்லிட்டுக் கம்முனு இருந்திருக்கலாம். 'என் கையால'ன்னு சொல்லித் தொலச்சிட்டேனே!"

வாக்குத் தவறினால் காமாலை திரும்பிவிடும் என்பது அவருடைய திடமான முடிவு. தினமும் காலையில் அக்காவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார்.

"வுடு யோவ், இமை கிழிஞ்சிடப் போவுது."

"மஞ்சளா கீதா வெள்ளையா கீதான்னு பாக்க வாணாமா?"

"மஞ்ச தேச்சிக் குளிச்ச மூஞ்சிய வுட்டுட்டு, முழிய மட்டும் பாரு!"

முதல் கூடை காசிமேட்டிலிருந்து வந்தது. பழைய மீன்கூடை, சும்மா கிடைத்தது. நன்றாகக் கழுவினார் என்பதற்கு நான் சாட்சி. வீட்டில் ரொட்டி சுடுகிற ஓவன் கிடையாது. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அடியில் மணல் பரப்பி, மேலும் கீழும் கரி போட்டுத் தானே ஓர் அடுப்பு செய்திருந்தார். ரொட்டி வெந்தது. காம்பவுண்டுப் பூனைகள் அத்தனையும் வந்து வரிசையில் உட்கார்ந்தன.

அக்கா ஒரு வாய் கடித்தாள். "கொழம்பு வைக்கவா, வறுக்கவா?"

அடுத்து புதுக் கூடை வாங்கினார். மீன் வாசம் இல்லை. ஆனால் மாவு பிரம்பைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. தட்டினார், குலுக்கினார், வேலையில் சரக்கை இறக்கக் கொடுக்கிற குரலைக் கொடுத்தார்: "ஆரியா! ஆரியா!" துறைமுகத்தில் அந்தச் சத்தத்துக்கு இரும்பே இறங்கும். மாவு இறங்கவில்லை. கடைசியில் கத்தியால் கூடையை அறுத்தெடுத்தோம். அந்த ரொட்டியைத் தின்றவர்கள் நாள் முழுவதும் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"உள்ளே துணி விரியுங்க மாமா" என்றேன். விஞ்ஞானம் படித்த வாயாயிற்றே. அவர் கையில் அகப்பட்டது அவருடைய லுங்கி. ரொட்டி அழகாக உருண்டு எழுந்தது, நீலக் கட்டம் போட்டுக்கொண்டு.

"யாரு இடுப்புல கட்டிக்க இத்த?" என்று அக்கா கேட்டாள். அப்புறம் அவளே சொன்னாள்: "பச்சரிசி மாவ நல்லாத் தூவிட்டு வையேன். கொழுக்கட்ட புடிக்கச் சொல்லோ கையில தொட்டுக்கறதில்ல?"

தூவினோம். வரிகள் மட்டும் வெள்ளையாக ஒட்டிக்கொள்ள, மாவு பொத்தென்று தனியே வந்து விழுந்தது. வின்ச்சு மாமா அன்று என் அப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். கெடுத்தது ஒரு வார்த்தை.

மதுவிலக்கு கண்டிப்பாக இருந்த காலம் அது. சாராயம் காய்ச்சுகிறவர்கள் பானையில் போட்டுப் புளிக்கவைப்பதற்கு ஊறல் என்று பெயர். போலீஸ்காரர்கள் தூக்கத்தில்கூட அந்தச் சொல்லுக்கு எழுந்துவிடுவார்கள். வின்ச்சு மாமாவோ மாவு புளிப்பதற்கும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தார். திருநாளுக்கு முதல் நாள், இரவல் வாங்கிய கூடைகளில் எல்லாம் மாவை நிரப்பி மூடிவைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனவர், அங்கிருந்து எனக்குக் குரல் கொடுத்தார்.

"பீயெஸ்ஸி! ஊறல் எப்டி கீது?"

நானும் உற்சாகத்தில் கத்தினேன்: "பொங்கிக்கிட்டு இருக்கு மாமா!"

"மூடியே வையி! எவனும் தொறக்கக் கூடாது! நாளிக்கி ஊருக்கே குடுக்கணும்!"

தெருவில் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. ஏட்டையா உள்ளே வந்தார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"யார்ரா அது, ஊருக்கே குடுக்கறவன்?"

புளித்த வாடை மூக்கில் ஏறுகிறது, கரி புகைகிறது, டின் நிற்கிறது, மூலையில் துணி மூடிய கூடைகள். வேறென்ன சாட்சி வேண்டும்?

"சார், ரொட்டி சார்" என்றேன்.

"கூடையில ஊறல் போடற ஆளை இப்பத்தான் பாக்கறேன். ஒழுகாது?"

"அதான் சார் சொல்றேன், ரொட்டி..."

வின்ச்சு மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. லாக்கப் பயம் இல்லை. கூடைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நாளைக்கு ரொட்டி ஏது? "நைனா, என்ன இட்டுகினு போ. கூடைய வுட்டுடு. அவ உசுரு கீது அதுல" என்று அக்காவைக் காட்டினார். ஏட்டையாவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

அவர் ஒரு துணியை விலக்கினார். வெள்ளையாக, வழுவழுவென்று, மூச்சுவிடுவது போல் ஏதோ படுத்திருந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி ஒரு குத்துக் குத்தினார்.

குழி விழுந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். குழி மெல்ல, சோம்பல் முறித்துக்கொண்டு, பாதி வரைக்கும் மேலே வந்தது.

வின்ச்சு மாமாவின் கண்கள் விரிந்தன. கப்பல் சமையல்காரர் ஜாடையில் சொல்லிக்கொடுத்த அடையாளமே அதுதான்: விரலால் குத்தினால் குழி அவசரமில்லாமல் மேலே வர வேண்டும். வந்தால் உடனே அடுப்பு. தாமதித்தால் எல்லாம் அமுங்கிப்போகும்.

"எய்ந்துக்கிச்சி!" என்று அலறினார். கான்ஸ்டபிள் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். "எய்ந்துக்கிச்சிடா! ஏட்டையா, தள்ளு! இல்ல, அந்த மூடியப் புடி! இன்னாத்துக்குப் பாத்துகினு நிக்கற, புடி நைனா!"

அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல யாராலும் முடியாது. ஏட்டையா டின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆரியா... ஆரியா..." கூடை கவிழ்ந்தது. மாவு வரியும் வட்டமுமாகத் தட்டில் இறங்கியது.

வேகும்வரை ஏட்டையா சாட்சிக்காக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மணம் கிளம்பியதும் அவர் முகம் இளகியது. "இதுல இன்னான்னுய்யா கேஸு போடறது?" என்று அலுத்துக்கொண்டு, "ஒரு துண்டு வெட்டு பாப்போம்" என்றார்.

"மந்திரிச்சப்புறம்தான்" என்றார் வின்ச்சு மாமா. "நாளிக்கி வா. வரிசையில நில்லு."

ஏட்டையா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அப்போதுதான் மாமா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்.

"ஏட்டு விரல் பட்டுச்சே. 'என் கையால'ன்னு வேண்டினது செல்லுமா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "விரல்தானே பட்டுச்சி? கை படலியே."

மறுநாள் கோயிலில் ரொட்டி பங்கிட்டபோது, வரிசையில் வேட்டி சட்டையில் ஏட்டையாவும் நின்றார். வீட்டுக்கு வந்ததும் மாமா அக்காவை வாசலுக்கு இழுத்து இமையை இழுத்துப் பார்த்தார். "வெள்ள வெளேர்னு கீது!" என்று அவர் போட்ட சத்தம் துறைமுகத்துக்கே கேட்டிருக்கும். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

கல்யாணமாகி நான் விம்கோ நகருக்கு வந்துவிட்டேன். கப்பல்காரனின் வாரிசு ஓர் ஊறுகாய் ஜாடியில் என்னோடு வந்திருக்கிறான். போன வாரம் வின்ச்சு மாமா ஆளனுப்பியிருந்தார்: இன்னொரு கப்பலில் கறுப்பு ரொட்டி பார்த்தாராம், கேழ்வரகில் வருமா என்று சுட்டுப் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை சுடப்போகிறோம். கேழ்வரகு அரைத்தாகிவிட்டது, கூடையில் பச்சரிசி மாவு தூவியாகிவிட்டது. நேற்று ஒத்திகையாகக் கூடையைக் கவிழ்த்து, "ஆரியா" என்று நானே சொல்லிப் பார்த்தேன். குரல் எடுபடவில்லை. அவர் வந்துதான் சொல்ல வேண்டும்.