பாயிண்ட்டில் போன பயணம்

ஒரு துடைப்பம் வாங்குவதற்கும் மூன்று கொட்டேஷன் கேட்டவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். அந்தப் பிரிவுக்கான விதிமுறைக் கையேட்டை எழுதியவனும் நான்தான். (அதை முழுதாகப் படித்த ஒரே ஆளும் நான்தான்.) ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தியவர்கள், இனிமேலாவது நிம்மதி என்றார்கள். யாருக்கு என்று சொல்லவில்லை.

விதிமுறை இல்லாத வீட்டில் எட்டு மாதம் தவித்தேன். பால்காரருக்கு வருகைப் பதிவேடு போட்டேன். என் மனைவி சரோஜா அதைப் பரண்மேல் எறிந்தாள். அந்தச் சமயத்தில்தான் கிரெடிட் கார்டு என் வாழ்க்கையில் நுழைந்தது.

பெரிய கடை ஒன்றின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண், கார்டு எடுத்தால் வெல்கம் போனஸ் உண்டு என்று ஒரு தாளை நீட்டினாள். மற்றவர்கள் அதை வாங்கிப் பத்தடி நடந்து கீழே போடுவார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, இணையத்திலிருந்த நிபந்தனைகள் பதினெட்டுப் பக்கத்தையும் அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். சாரம் இதுதான்: கார்டு வாங்கிய முதல் மூன்று மாதத்துக்குள் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்தால், கொத்தாகப் பாயிண்ட் தருவார்கள். அந்தப் பாயிண்டைக் கொடுத்து விமான டிக்கெட் வாங்கலாம். கொத்து ஒரு முறைதான். பிறகு வேறு வங்கி, வேறு கார்டு, வேறு கொத்து.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை புதுக் கார்டு கேட்கலாம்? இதில்தான் பலர் சறுக்குகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு விண்ணப்பமும் நம் கடன் சரித்திரத்தில் ஒரு வரியாகப் பதிவாகிவிடும். ஒரே வாரத்தில் மூன்று வீட்டில் பெண் கேட்டுப் போனால், மாப்பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்றுதானே ஊர் பேசும்? வங்கியும் அப்படித்தான். அதனால் மூன்று மாதத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது என்று விதி வகுத்தேன். காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். வேலைக்குத் திரும்பியது போல இருந்தது.

நோக்கம் இல்லாமல் செய்யவில்லை. சரோஜாவின் அக்கா ருக்மணி கரக்பூரில் இருந்தார். இருவரும் சாமல்பட்டியில் ஸ்டேஷனை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்கள். அக்காவை ரயில்வேக்காரருக்குக் கட்டிக்கொடுத்ததில் அவர் வங்காளம் வரை போய் அங்கேயே தங்கிவிட்டார். நேரில் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தினமும் காலை பதினொரு மணிக்கு ஃபோன். அக்காவுக்கு இதயம் பலவீனம், சரோஜாவுக்கு முழங்கால். இரண்டு ராத்திரி ரயிலில் மேலே ஏறிக் கீழே இறங்க இவளால் முடியாது. விமானத்தில் இவள் ஏறியதே இல்லை.

"காசு குடுத்தே ரெண்டு டிக்கெட் எடுத்துடுங்களேன்" என்றாள் முதல் கார்டு வந்தபோதே.

இலவசமாகக் கிடைப்பதை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்டேன். அப்போது அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது.

எங்கள் இருவரின் செலவு எவ்வளவு வரும்? அரிசி, மாத்திரை, மின்சாரம். இலக்கைத் தொட அது போதாது. எனவே நண்பர் இஸ்மாயில் பாயின் வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். யாராவது ரொக்கமாகப் பணம் எடுத்தால் அதை நான் வாங்கிக்கொண்டு, அவர்களுக்காக என் கார்டைத் தேய்ப்பேன். வாங்குகிறவருக்கு நட்டமில்லை; பாய்க்கு மெஷின் கமிஷன் கொஞ்சம் போகும், நட்புக்காகப் பொறுத்துக்கொண்டார். ஆனால் விளக்க வேண்டியிருந்தது. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விற்ற கையோடு ஃபிரிட்ஜ் வாங்க வந்த ஒருவர், நோட்டுக் கட்டை மடியில் இறுக்கிக்கொண்டு, இந்த ஆள் எதுக்கு நடுவுல வரான் என்று தெலுங்கில் கேட்டார். "ரிட்டயர்டு சாருங்க. வீட்ல போரடிக்குதாம்" என்றார் பாய். (அவர் என்னைக் காப்பாற்றியதாகத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.)

இன்னொரு சிக்கல், வங்கிகள் அனுப்பும் சரிபார்ப்பு ஆள். விண்ணப்பித்தவன் இந்த வீட்டில்தான் இருக்கிறானா, எப்படிப்பட்டவன் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். மூன்றாவது கார்டுக்கும் அதே ஆளே வந்தார். பக்கத்து வீட்டு மஞ்சுளாம்மா சரோஜாவைச் சுவரோரம் அழைத்துப் போய், பேங்க் ஆளு அடிக்கடி வந்து உங்க வீட்டுக்காரரப் பத்திக் கேக்கறான், கஷ்டம்னா மறைக்காதீங்க என்றார். மறுநாள் கெலவரப்பள்ளியில் இருந்த அவர்கள் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை முட்டைக்கோஸ் வந்து இறங்கியது. கடனில் மூழ்கியவனுக்கான நிவாரணம். இரண்டு வாரம் சாப்பிட்டோம். திருப்பிக் கொடுத்தால் அவர் மனம் புண்படும் என்று சரோஜா சொல்லிவிட்டாள்.

பதினைந்து மாதத்தில் ஐந்து கார்டு. இரண்டு பேர் போய்வரத் தேவையான பாயிண்ட் நான்காவது கார்டிலேயே சேர்ந்துவிட்டது. அப்போதே போயிருக்கலாம். ஆனால் வருடத்தில் ஒரு மாதம், பாயிண்டை விமான நிறுவனத்தில் இருக்கும் நம் கணக்குக்கு மாற்றினால் கால் பங்கு கூடுதலாகத் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். கால் பங்கை யாராவது விடுவார்களா? நான் காத்திருந்தேன். நான் காத்திருந்தபோது அக்காவும் தங்கையும் காத்திருந்தார்கள் என்பதை எந்தக் காலண்டரிலும் குறிக்கவில்லை.

அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அக்கா மகன் முரளி பேசினான். அம்மாவுக்கு மூச்சுத் திணறல், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருக்கிறது, சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது என்றான்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சரோஜா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பாயிண்ட்டுக்குத் தரும் இருக்கைகள் எந்த விமானத்திலும் சிலதான் இருக்கும். தேடித் தேடி அடுத்த வார வியாழக்கிழமையில் இரண்டைப் பிடித்தேன். ஒன்பது நாள் தள்ளி.

"நாளைக்குக் காலைல இருக்குன்னு போட்டிருக்கே" என்றாள்.

"அது காசுக்கு."

"நம்மகிட்ட காசு இல்லையா?"

இருந்தது. வங்கியில் வைப்புத்தொகையாக, என் பெயரும் அவள் பெயருமாக, தாராளமாகவே இருந்தது. இருக்கிறது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். நான் விளக்கம் கொடுத்தேன். கடைசி நேரத்து டிக்கெட்டுக்கு மூன்று மடங்கு விலை, இத்தனை மாத உழைப்பு வீணாகும், ஒன்பது நாள் ஒரு பெரிய விஷயமில்லை. அதோடும் நிற்கவில்லை. முரளியைத் திரும்ப அழைத்து, அடுத்த வியாழன் வரைக்கும் எப்படி இருக்கும் என்று டாக்டரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். சரக்கு லாரி எப்போது வந்து சேரும் என்று சப்ளையரைக் கேட்கும் அதே குரல்தான். அந்தக் குரலில் முப்பத்தொரு வருடம் பேசியவனுக்கு வேறு குரல் கைவசம் இல்லை.

முரளி ஃபோனைப் பிடித்தபடியே அங்கே யாரிடமோ கேட்டான். பிறகு, "இப்போதைக்குப் பயமில்லைன்னுதான் சொல்றாங்க சித்தப்பா" என்றான்.

அதை எழுதிக் கொடுத்த உறுதியாக எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். திரும்பிப் பார்த்தபோது நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை.

அடுத்த சில நாள் சரோஜா வேலையாக இருந்தாள். கேழ்வரகைக் கழுவி, மாடியில் காயவைத்து, மெஷினில் கொடுத்து அரைத்து வந்தாள். அங்கே கிடைக்கும் மாவில் களி சரியாகத் திரளுவதில்லை என்று அக்கா எப்போதும் குறைபடுவாராம். இரண்டு கிலோவை இரட்டைப் பையில் கட்டினாள். நான் பெட்டியின் எடை வரம்பைச் சொன்னேன். (சொல்லாமல் இருந்திருக்கலாம்.) நோயாளிக்குக் களி கொடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். (இதையும்.)

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது. அந்த நேரம் அக்காவின் நேரம் என்பதால் சரோஜா ஓடிப்போய் எடுத்தாள். எதிர்முனையில் முரளி.

அவள் அழுது ஓய்ந்த பிறகு, நான் என் வாழ்நாளிலேயே மிக வேகமாக ஒரு கொள்முதல் முடிவெடுத்தேன். மதிய விமானத்தில் காசுக்கு இரண்டு டிக்கெட் போடுகிறேன் என்றேன். விலையைப் பார்க்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன், அது ஏதோ தியாகம் மாதிரி. சாயங்காலமே எடுத்துவிடுவார்கள், எந்த விமானத்தில் போனாலும் முகம் பார்க்க முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

"இனிமே என்னங்க அவசரம்" என்றாள் சரோஜா. "உங்க டிக்கெட்லயே போலாம்."

வியாழக்கிழமை போனோம். ஓசூரிலிருந்து புறப்பட்டு, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி, பெங்களூரைக் குறுக்கே கடந்து தேவனஹள்ளி போய்ச் சேர மூன்றரை மணி நேரம். பாதுகாப்புச் சோதனையில் கேழ்வரகு மாவை எடுத்து, இது என்ன என்று ஒரு பெண் காவலர் இந்தியில் கேட்டார். நான் ஆங்கிலத்தில், சிறுதானிய மாவு, எடுத்துச் செல்லத் தடையில்லை என்று ஆரம்பித்தேன். அதற்குள் சரோஜா தமிழில், எங்க அக்காவுக்கு என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் காவலருக்குத் தமிழ் தெரியாது. பையை மறுபடி முடிந்து கையில் கொடுத்தார்.

கார்டு இருந்தால் விமான நிலையத்தின் பயணிகள் ஓய்வறையில் சாப்பாடு இலவசம் என்று அவளை அங்கேயும் அழைத்துப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். உரிமை இருந்தது, போனேன். பூரி, நூடுல்ஸ், கேக் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஒரு தட்டை நிரப்பி அவள் முன்னால் வைத்தேன். அவள் மடியில் மாவுப் பையோடு உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை நான்தான் காலி செய்தேன். வீணாக்கக் கூடாதே.

கரக்பூரில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் மாவை வைத்தாள். மறுநாள் முரளியின் மனைவி அதில் களி கிளறினாள். எல்லாரும் சாப்பிட்டோம். நன்றாகத் திரண்டிருந்தது என்றார்கள்.

திரும்பி வந்ததும் ஐந்து கார்டையும் ரத்து செய்தேன். ஒரு வங்கியின் தொலைபேசிப் பெண், நீங்கள் எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர், போகாமல் இருந்தால் கூடுதல் பாயிண்ட் தருகிறோம் என்றாள். எவ்வளவு என்று என் வாய் கேட்டுவிட்டது. அவள் சொல்லி முடிப்பதற்குள் ஃபோனை வைத்தேன். சரோஜா கூடத்தில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள்.

ஏழு மாதம் கழித்து இஸ்மாயில் பாயின் மகள் கல்யாணம். பிரியாணிப் பந்தியில் பாய், சார் எங்க கடை ஸ்டூல்ல உக்காந்து ஊரான் ஃபிரிட்ஜுக்கெல்லாம் கார்டு தேச்சாரு என்று எடுத்துக்கொடுத்தார். மீதியைச் சரோஜா பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இப்படிச் சொல்ல வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தக்காளிக்காரரின் மடி, முட்டைக்கோஸ் மூட்டை, ஓய்வறையில் நான் நிரப்பிய தட்டு எல்லாம் வந்தன. பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், ஓரளவு நியாயமாகவே சொன்னாள்.

அப்போது கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த பாயின் சம்பந்தி அம்மா, தால்ச்சாவைத் தள்ளி வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பாக்காம?" என்றாள் சரோஜா. "போய் நின்னதும் கையப் பிடிச்சிக்கிட்டா. என்னப் பாக்க எத்தன பாயிண்ட்டுடி செலவாச்சுன்னு கேட்டா."

மறுபடியும் சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த எங்கள் மகள் கவிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். அவள் பிரியாணியைப் பிசைய ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் யார் எங்கே தாமதமாகப் போனாலும், எத்தன பாயிண்ட்டு செலவாச்சு என்றுதான் வரவேற்பு. கவிதாவின் பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். புதிதாக யாராவது விளக்கம் கேட்டால் சரோஜா முழுக்கதையையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் அக்கா கையைப் பிடிக்கிறார், கேட்கிறார், சிரிக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை இருந்தாலும் அழைத்துத் திருத்துகிறவன் நான்.

போன மாதம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு அம்மா சிரித்து முடித்து, உண்மையாகவே அப்படியா கேட்டார்கள் சார் என்று என் பக்கம் திரும்பினார். சரோஜா காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "அப்புறம் ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டிருந்தாங்க."