கிராபிக்ஸ் கார்டு வாங்கியதும் அதனால் சந்தாவை நிறுத்துவதும் பற்றி

மதிப்பிற்குரிய ‘கணினி இல்லம்’ மாத இதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

எஸ்பியர் நகரத்திலிருந்து தங்கள் சந்தாதாரர் ஐகில் டாம்கேர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி விபேக்கேயும் நலம். மேற்குக் காற்று வழக்கம்போல் அடித்துக்கொண்டிருக்கிறது. தாங்களும் தங்கள் அலுவலக நண்பர்களும் நலமாகவே இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாங்கள் எழுதுவதைப் படித்து அதன்படி நடப்பவர்களுக்குத்தானே கஷ்டமெல்லாம். எழுதுகிறவர்களுக்கு என்ன வந்தது?

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஜட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் எந்த லிஃப்டில் ஏறினாலும் உள்ளே ஒட்டியிருக்கும் சான்றிதழில் என் கையெழுத்து இருந்த காலம் ஒன்று உண்டு. அவசரப்பட்டு எதற்கும் ‘சரி’ என்று நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தங்கள் சந்தாதாரர்களில் பாதிப் பேர் இன்று இருந்திருக்க மாட்டார்கள். என் மனைவி வேறு மாதிரி. பல் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். பிடுங்கலாமா வேண்டாமா என்று நோயாளி யோசித்து முடிப்பதற்குள் பல் தட்டில் கிடக்கும் இடம் அது. அவள் தினமும் சாயங்காலம் சாப்பாடு முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மூன்று பேருடன் சேர்ந்து டிராகன்களைக் கொல்லுவாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படிப்பேன். இப்படி எங்கள் இல்லறம் எந்தக் குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் திரையில் படம் ஓடாமல் நின்று நின்று திக்க ஆரம்பித்தது.

“ஐகில், இந்த கிராபிக்ஸ் கார்டு கிழடு தட்டிப் போச்சு. நாளைக்குக் கடைக்குப் போய் வேற ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்” என்றாள்.

“நாளைக்கேவா?” என்றேன். அதிர்ச்சியில் கையிலிருந்த கறுப்பு ரொட்டி, மேலே வைத்திருந்த ஹெர்ரிங் மீன் தரையில் படும்படி, குப்புற விழுந்தது. “விசாரிக்க வேணாமா? ஒப்பிட்டுப் பாக்க வேணாமா? எங்கிட்ட விடு. நான் பாத்துச் சொல்றேன்.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் ஓய்வு பெற்று அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது; சமையலறை அலமாரிக் கதவுகளையெல்லாம் திறந்து மூடிச் சோதித்து முடித்திருந்தேன். “சரி, நீயே பாத்துச் சொல்லு” என்றாள். மறுநாளே தங்கள் இதழுக்குச் சந்தா கட்டினேன். அன்றைக்குப் பிடித்த சனி இரண்டு வருடம் எங்களை விடவில்லை.

கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா வேண்டாமா என்ற தங்கள் கட்டுரையை நான் அடிக்கோடிட்டுப் படித்தேன். ‘முதலில் உங்கள் உண்மையான தேவை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். கேட்டேன். “டிராகன் வாயைத் தொறக்கறது எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். இப்போ அது என்னை முழுங்கி வாயை மூடினப்புறம்தான் தொறந்ததே தெரியுது” என்றாள் விபேக்கே. இதைத் தேவை என்று எடுத்துக்கொள்வதா ஆசை என்று எடுத்துக்கொள்வதா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. அது போகட்டும், வசந்தத்தில் புது வகை வருகிறது, பொறுங்கள் என்றீர்கள், பொறுத்தோம். வசந்தத்தில், கோடைக்குப் பிறகு விலை இறங்கும் என்றீர்கள். கோடை முழுக்கக் காத்திருந்தோம். இலையுதிர் காலத்தில், இதைவிட நல்லது தயாராகிறது என்றீர்கள். கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் சரக்கே இல்லை, இப்போது வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல என்றீர்கள். நடுநடுவே, கார்டு மட்டும் மாற்றினால் போதாது, மின்சாரம் கொடுக்கும் பெட்டி தாங்குமா பாருங்கள், திரை பழையதா பாருங்கள், மேசைக்கடியில் காற்றோட்டம் இருக்கிறதா பாருங்கள் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு குண்டு. மேசையை நகர்த்தினேன். மேசையை நகர்த்தியதில் அலமாரியை நகர்த்த வேண்டி வந்தது, அலமாரிக்குப் பின்னால் சுவர் ஓதம் கண்டிருந்தது, சுவரைச் சுரண்டியதில் பக்கத்து வீட்டுக்காரரின் படம் அவர் சுவரிலிருந்து கீழே விழுந்தது. என் மைத்துனியின் பிறந்தநாள் விருந்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கார்டின் நினைவகத்தைப் பற்றி அடிப்படையிலிருந்து விளக்கினேன். அவள் கணவர் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு வருவதில்லை.

இதற்கிடையில் ஒரு நல்ல மாற்றம் ஏற்பட்டது. போன குளிர்காலத்தில் விபேக்கே நச்சரிப்பதை அடியோடு நிறுத்திவிட்டாள். நானாகப் போய், “எப்படிம்மா இருக்கு? திக்குதா?” என்று கேட்டால், “இருக்கு, இருக்கு. நீ அவசரப்படாத, நல்லா யோசி” என்பாள். என் முறையின் அருமை அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ந்தேன்.

போன மாதம் அவளுக்கு அறுபது வயது. புதிதுக்குக் காத்திருந்து புண்ணியமில்லை, யாராவது விற்கிற நல்ல பழைய கார்டு ஒன்றை வாங்கி அவளைத் திகைக்க வைப்பது என்று, தங்கள் எச்சரிக்கைக் கட்டுரையையும் மீறி, வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்தேன். பக்கத்து ஊரான வார்தேயில் ஒருவர் விளம்பரம் கொடுத்திருந்தார். கார் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் ஹொல்கர் என்ற மலை மாதிரி மனிதர், என்னைவிட மூத்தவர், ஒரு காலத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர்.

“வாங்க, வாங்க! இந்தக் காத்துல கார் ரோட்டுலயே நின்னுதா?” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் என் மனைவியின் ஹெட்போனிலிருந்து கசிந்து அடுத்த அறைவரை வருகிற சிரிப்பு அது. அப்படிச் சிரிக்கிற ஆளை அவள் ‘கரடிப்பல்’ என்று கூப்பிடுவாள். ஏதோ முப்பது வயதுக்காரன், பல்வரிசை நன்றாக இருக்கும், என்று நானாகக் கற்பனை செய்துகொண்டு பல நாள் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். இங்கே பார்த்தால் பாதிப் பல் இல்லை. எஸ்பியரிலிருந்து வருகிறேன் என்பதைத் தவிர, நான் யார் என்று சொல்லாமல் உட்கார்ந்தேன். காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

“நான் புதுசு வாங்கிட்டேன், அதான் இதைத் தள்ளிவிடறேன்” என்றார். “நாங்க நாலு பேர் சேர்ந்து ஆடறோம். அதுல ஒரு அம்மா உங்க எஸ்பியர்தான். அவங்க வீட்டுக்காரர் இருக்காரே...” என்று ஆரம்பித்து, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, கோப்பையைக் கீழே வைத்தார். “கார்டு மாத்தலாமா வேணாமான்னு ரெண்டு வருஷமா யோசிக்கறாருங்க! அதுக்குள்ள எங்க வீட்டு நாய் செத்து, வேற நாய் வாங்கி, அது குட்டியும் போட்டுடுச்சு.”

“யோசிச்சு செய்யறதுல தப்பில்லையே” என்றேன்.

“தப்பே இல்ல. நாங்க பந்தயமே கட்டினோம். அந்த மனுஷன் இந்த ஜென்மத்துல வாங்குவாரா மாட்டாரான்னு. தோத்தவங்க அடுக்கு கேக் செஞ்சு தரணும். ஆனா பாருங்க, வாங்குவார்னு சொல்ல ஒருத்தர் வேணுமே! எல்லாரும் ஒரே பக்கம் நின்னா பந்தயம் எப்படி நடக்கும்?”

“அப்புறம்?”

“கடைசில அந்தம்மாவே, ‘சரி, நான் என் புருஷன் பக்கம் நிக்கறேன்’னாங்க. பாவம், கேக்குக்கு மாவு வாங்கி வெச்சுக்கோங்கன்னு நாங்க கிண்டல் பண்ணோம். ஏம்மா, ஒரு சண்டை போட்டு வாங்கிட வேண்டியதுதானேன்னு கேட்டா, ‘ரிடையர் ஆனதுலேர்ந்து அவருக்குப் பரிசோதிக்க லிஃப்டும் இல்ல, வேற சாமானும் இல்ல ஹொல்கர். இது ஒண்ணாவது இருக்கட்டும்’ங்கறாங்க.”

ஆசிரியர் அவர்களே, ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது. ஹொல்கர் தண்ணீர் எடுக்க எழுந்தவர், என் மேல்சட்டையைப் பார்த்தார். அதில் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் சின்னமும், கீழே ‘லிஃப்ட்’ என்ற சொல்லும் தைத்திருக்கும். அவர் முகம் அவர் விற்ற இறைச்சியின் நிறத்துக்கு மாறியது.

“உங்க பேரு என்ன சொன்னீங்க?”

“இன்னும் சொல்லல. ஐகில்.”

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “இந்தக் கார்டு உங்களுக்கு வேணாங்க” என்றார்.

“ஏன்? கெட்டுப்போனதா?”

“இல்ல இல்ல, நல்ல கார்டு. ஆனா பழசு. நீங்க ஒண்ணு பண்ணுங்க. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொறந்து உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன்.”

“உள்ள என்ன இருக்கும்? இதைவிடப் பழசு இருக்கும்” என்றேன். வேறு யாரோ அதிக விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், அதனால் தட்டிக்கழிக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சும்மா கொடுத்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். நானா மசிவேன்? முழு விலையையும் மேசைமேல் வைத்துவிட்டு, கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கு வந்தேன். வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒருத்தி என் பக்கம் நின்றிருக்கிறாள், அதுவும் தோற்போம் என்று தெரிந்தே நின்றிருக்கிறாள் என்பதுதான் என்னவோ செய்தது.

பிறந்தநாள் காலை, அவள் கடலில் குளிக்கப் போன நேரத்தில் கணினிப் பெட்டியைத் திறந்தேன். பழைய கார்டு அதில் தூசி ஒரு பொட்டுகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. என் மனைவியின் சுத்தத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன். அதற்கு மூன்று விசிறிகள். ஹொல்கரின் கார்டுக்கு இரண்டே விசிறி. பழைய காலத்தில் ஒரு வேலைக்கு எவ்வளவு விரயம் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! கழற்றும்போது ஒரு பிடிப்பு ஒடிந்தது, ஒருமுறை வீடு முழுக்க மின்சாரம் போனது, ஆனாலும் பொருத்திவிட்டேன். பழையதை உடனே நகராட்சியின் பழஞ்சாமான் திடலுக்குக் கொண்டுபோய், மின்சாமான் கூண்டில் நானே கையால் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் ஊர்ப் பிறந்தநாள் வழக்கப்படி மேசையில் சின்னத் தேசியக் கொடிகளை நட்டு, காபி போட்டு வைத்தேன். ஈரத்தலையோடு வந்தவளிடம், “பெட்டிக்குள்ள பாரு” என்றேன். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “இதுல இருந்தது?” என்றாள். “போட்டாச்சு! திடல்ல போட்டாச்சு!” என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு, “நீ வாங்கிட்டியா ஐகில், நிஜமாவே வாங்கிட்டியா” என்று தோளிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு அழவில்லை.

ஒரு மனுஷியை இவ்வளவு சந்தோஷப்படுத்துகிற காரியத்தை, தங்கள் பேச்சைக் கேட்டு நான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். ஆகவே என் சந்தாவை இன்றோடு நிறுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைக்கும் வாசகர்கள் நினைத்த அன்றே போய் வாங்கட்டும், எந்த நிபுணரையும் கேட்க வேண்டாம் என்று என் பெயரிலேயே தாங்கள் வெளியிடலாம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நீண்ட ஆயுளோடும் திக்காத திரைகளோடும் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

தங்கள் முன்னாள் வாசகர்,
ஐகில் டாம்கேர்

பின்குறிப்பு: இதை எழுதுவது விபேக்கே. உறையில் போட்டு ஒட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவர் காலாற நடக்கப் போயிருக்கிறார். ஆசிரியர் அவர்களே, அவர் திடலில் போட்டது நான் போன நவம்பரில் வாங்கி நானே பொருத்திய கார்டு. கடையில் இருந்ததிலேயே நல்லது. திடலுக்கு ஓடினேன், கூண்டில் விழுந்ததைத் திருப்பி எடுக்க விதியில் இடமில்லை என்றார்கள். இப்போது இருப்பதில் படம் முன்னைவிட மோசமாகத் திக்குகிறது. தயவுசெய்து அவர் கடிதத்தை வெளியிடாதீர்கள், சந்தாவையும் நிறுத்தாதீர்கள். அடுத்து அவர் உட்கார்ந்து ஆராய, வீட்டுப் பிரிண்டர்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதுங்கள், எதையும் முடிவாகச் சொல்லாமல். அது உங்களுக்கு நன்றாக வருகிறது. பந்தயத்தில் எனக்கு வரவேண்டிய அடுக்கு கேக்குகள் மூன்றில் ஒன்று வந்துவிட்டது, ஹொல்கரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் கணவரை நிமிர்ந்து பார்க்காமல் போனார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நேற்றுச் சாயங்காலம் நினைத்தேன். ஆனால் அவர் செய்தித்தாளை வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் இதுதான் முதல்தடவை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையை நன்றாக உற்றுப் பார்த்து, “என்ன தெளிவு, என்ன தெளிவு! இதுல நீ எதும்மா?” என்று கேட்டார்.

“அதோ டிராகன் காலடியில செத்துக் கெடக்கறேனே, அதுதான்” என்றேன்.