பூக்கடை அக்காவின் ஒன்பது பெயர்கள்

2025 ஜூன் 14, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். கோப்பி குடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஏழு மணிக்குப் பீடோங் கோயில் அலுவலகத்தைத் திறந்து அர்ச்சனைச் சீட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். பதினெட்டு ஆண்டுகளாக நான் இந்தக் கோயிலின் கிராணி, அதாவது எழுத்தர்; இதே ஒழுங்கு. அன்று ஒன்று மட்டும் குறைந்தது. வாசலில் பூக்கடை திறக்கவில்லை.

பூக்கடை அக்காவிடம் பெயரைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் கெடா மாநிலத்திலேயே கிடையாது. பூவை அளக்குமுன் பெயரைக் கேட்பார். சொன்னால் அர்த்தத்தைக் கேட்பார். பேர் வைக்கும் சடங்குக்கு மாலை வாங்க வந்த இளம் தகப்பன் ஒருவன் அப்படி மாட்டினான்.

"பிள்ள பேரு என்னா?"

"த்ரிஷ்வின்ராஜ், அக்கா."

"அர்த்தம்?"

"அதெல்லாம் தெரியாதுக்கா. கூட்டினா அஞ்சு வருதுலா."

"பிள்ளைக்குப் பேரு வச்சியா, பஸ்ஸுக்கு நம்பர் போட்டியா?"

அவன் சுங்கைப்பட்டாணிவரை போய் மாலை வாங்கினான்.

எங்கள் கோயில் தலைவர் தம் கடைப் பலகையில் 'கே. சாமி' என்று போட்டிருந்தார்.

"அந்தக் 'கே'க்குள்ள யாரு ஒளிஞ்சிருக்கா, தலைவரே?"

"குப்புசாமி," என்றார் தலைவர், மெதுவாக.

"சத்தமா சொல்லுங்க. முன்ன பொறந்ததெல்லாம் தங்கலன்னு, உங்களையாச்சும் எமன் விட்டுடணும்னு குப்பையில போட்டு எடுத்து வச்ச பேரு. அவ்ளோ ஆசையா வச்சதை மறைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

மறுவாரமே பலகை மாறியது.

அக்காவின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாமலே இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், திடீரென்று வெள்ளிதோறும் அர்ச்சனைச் சீட்டு வாங்கத் தொடங்கினார். வாரம் ஒரு பெயர். முதலில் மல்லிகா, அடுத்து பூங்கொடி, பிறகு செண்பகவல்லி. நட்சத்திரம் மட்டும் மாறாமல் ரோகிணி. குருக்கள் அந்தப் பெயரை வாசிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முறைகேடு நடக்கிறது என்பதற்கு ஆதாரமாக, ஒவ்வொரு பெயரையும் தேதியோடு என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

ஒன்பதாவது வெள்ளி, "மங்கையர்க்கரசி" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஐசியை, அடையாள அட்டையைக் கேட்டேன்.

"சாமியே ஐசி கேக்கல, கிராணி. உனக்கு எதுக்கு?"

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குக்கா."

கொடுத்தார். பின்னால் வரிசை நிற்க, உரக்கப் படித்தேன். போதும்பொண்ணு, முனியாண்டியின் மகள். யாரோ சிரித்தார்கள்.

அக்கா சிரிப்பு வந்த பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்தார்.

"நாலு பொண்ணுக்குப் பொறவு நானு," என்றார். "சிடாம் கிரி தோட்டத்துல பொறந்தேன். இனிமே பொண்ணு வேணாம்னு எங்கப்பன் சாமிக்கு நோட்டீஸ் விட்டாரு. அதுக்கு அடுத்தது தம்பி. அவன் பேரு சக்கரவர்த்தி. மத்தவங்களுக்குப் பேரு வச்சாங்க கிராணி, என்னை வச்சுப் புகாரு குடுத்தாங்கலா."

ஐசியை வாங்கிக்கொண்டு போனவர், அதன்பின் அர்ச்சனைக்கு வரவேயில்லை. நான் பூ வாங்கப் போனால் மட்டும் பெயர் எதையும் விசாரிப்பதில்லை. பூவைக் கட்டிக் கொடுப்பார், அவ்வளவுதான். அன்றைய நாட்குறிப்பில் 'ஒழுங்கு சரிசெய்யப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அழகான கையெழுத்து.

இந்தச் சனிக்கிழமை பத்தரைக்குத் தம்பி சக்கரவர்த்தி வந்தார்.

"அக்கா ஆஸ்பத்திரியில இருக்குண்ணே. நாளைக்குப் பத்து மணிக்கு வயித்துல ஆபரேசன். நர்சு வார்டே கேக்குற மாதிரி பேரைக் கூப்புடுறாங்க, இது திரும்பியே பாக்கல. காது போச்சான்னு டாக்டர் கேக்குறாரு."

"காது நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"ஒரு அர்ச்சனை செஞ்சிடுங்கண்ணே. பேரு தெரியும்ல?"

"தெரியும்."

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறந்ததும், முதல் வேலையாக நாட்குறிப்பைப் பார்த்து ஒன்பது சீட்டு எழுதினேன். புதிதாக வந்திருந்த குருக்கள் புரட்டிப் பார்த்து விழித்தார்.

"யாருங்க இத்தனை பொம்பளைங்க? எல்லாருக்குமா ரோகிணி?"

"எல்லாம் ஒரே வீடுதான், சாமி. ஒண்ணொண்ணா, நிறுத்தி, சத்தமா வாசிங்க."