கூடாரத் துணியில் ஐந்து சதவீதம்

போன வருடம் ஜூன் மாதம் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் தூறிவிட்டு நின்ற மழை, புழுக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தது. காற்று இல்லை. பொன்னேரியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், பதின்மூன்று பேர் உட்கார்ந்திருந்த டியூஷன் அறையில், பதினான்காவது ஆளாக, எழுபத்தொரு வயதில், பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுத நான் உட்கார்ந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாம் என் வாய் செய்த வேலை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் முப்பத்து நான்கு வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். போல்ட், நட்டு, கிரீஸ் டப்பா, கையுறை என்று எண்ணி எண்ணியே ஓய்வு பெற்றேன். பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் பதினாறு. என் மனைவி கன்னியம்மா சாம்பாருக்குப் போடும் முருங்கைத் துண்டு, ஆளுக்கு மூன்று. (ஒருநாள் எனக்கு இரண்டு வந்தது. கேட்டேன். அன்றைக்கு மோர் வரவில்லை.) இதனால் வீட்டில் எனக்குக் கணக்குப் புலி என்று பெயர். நான் பி.யூ.சி. படித்தது வரலாற்றுப் பிரிவில் என்பதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

என் மருமகள் செல்விக்கு முப்பத்தாறு வயது. சிப்காட் தொழிற்பேட்டையில், காருக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் பதினொரு வருடமாக வேலை. லைன் லீடர் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் நான்கு வருடமாக அவள்தான் செய்கிறாள். பெயர் மட்டும் வேறு ஒருவருக்கு. பத்தாவது பாஸ் சர்டிபிகேட் இருந்தால்தான் லைன் லீடர் என்று கம்பெனியில் விதி. செல்வி எல்லாப் பாடமும் பாஸ், கணக்கு மட்டும் பெயில். அது நடந்து இருபது வருடம் ஆகிறது. லைன் லீடர் இடம் காலியானபோது மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ஆகஸ்டுக்குள் சர்டிபிகேட் கொண்டுவந்தால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் போன வருடம் சேர்ந்த பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டார். ஜூலையில் தனித்தேர்வு. முப்பத்தைந்து மதிப்பெண் போதும்.

அவள் என்னிடம் கேட்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். தானாகவே பொன்னேரியில் ரெஹானா மிஸ்ஸைக் கண்டுபிடித்து, ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய், பின்னம், சதவீதம், பரப்பளவு என்று அடிப்படையிலிருந்து திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டிலிருந்து வந்து பாடம் எடுக்கும் அந்த மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது. முதல் மாதிரித் தேர்வில் செல்வி முப்பத்து மூன்று வாங்கினாள். பாஸுக்கு இரண்டுதான் பாக்கி. அந்த இரண்டை நான் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினேன்.

கம்பெனி பஸ் ஐந்து ஐம்பதுக்கு வரும். ஐந்து மணிக்கெல்லாம் அவளை உட்கார வைத்தேன். கூம்பு வடிவக் கூடாரம். ஆரம் ஏழு மீட்டர், சாயுயரம் இருபத்தைந்து. எவ்வளவு துணி வேண்டும்? அவள் போட்டு, ஐந்நூற்று ஐம்பது சதுர மீட்டர் என்றாள்.

"கழிவு எங்கே?" என்றேன்.

"இன்னா கழிவு மாமா?"

"துணியை வளைச்சு வெட்டினா ஓரம் போகாதா? தையலுக்குப் பிடிக்க வேண்டாமா? அஞ்சு சதவீதம் சேர்த்துக்க. ஐந்நூற்று எழுபத்தேழரை."

"புக்குல ஐந்நூத்தி அம்பதுதான் போட்டுக்கீது."

"புக்கு எழுதினவர் கூடாரம் கட்டியிருக்காரா? ஐந்நூற்று ஐம்பது வாங்கினா கூடாரத்தில் ஒருத்தர் நனைவார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து எழுதினாள். மாமனார் சொன்னால் மறுத்துப் பேச மாட்டாள். அதை நான் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? இருபடிச் சமன்பாடு வந்தது. விடை ஐந்து, மைனஸ் மூன்று. மைனஸ் மூன்றை அடிக்கச் சொன்னேன். "கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதும்மா. போனா ஆடிட்ல மாட்டிக்குவோம்." நிகழ்தகவு வந்தது, பையைப் பார்க்காமல் ஒரு பந்தை எடுக்கிறார்களாம். இன்டென்ட் சீட்டு இல்லாமல், பார்க்காமல் சரக்கை எடுப்பது என்ன ஒழுங்கு என்று கேட்டு, அந்தப் பாடத்தையே நான் அங்கீகரிக்கவில்லை.

இப்படி மூன்று வாரம். இரண்டாவது மாதிரித் தேர்வில் செல்விக்கு இருபத்திரண்டு. மூன்று வார உழைப்பில் பதினொரு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். கூடாரக் கணக்கின் பக்கத்தில் சிவப்பு மையில், 'கழிவு எங்கிருந்து வந்தது?' என்று எழுதியிருந்தது.

அன்று செல்வி சாப்பிடவில்லை. "எனுக்கு இது வராது அத்த. உட்டுடலாம்னு கீறேன்" என்று கன்னியம்மாவிடம் சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. நியாயமான மனிதனாக இருந்தால் அங்கேயே என் தப்பு புரிந்திருக்கும். எனக்கு மிஸ் மீது கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறுதான் ஜூன் எட்டு. "நீங்க எதுக்கு மாமா?" என்று செல்வி இரண்டு முறை கேட்டாள். நான் செருப்பைப் போட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஏறினால் நடுவில் கவரப்பேட்டை ஒன்றுதான், அடுத்தது பொன்னேரி. அவ்வளவு தூரமும் நான் விடைத்தாளைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், இந்தக் கூடாரத்துக்கு ஏன் மார்க் இல்லை?" என்று நுழைந்ததும் கேட்டேன்.

"ஐயா, கேள்வியில கழிவு பத்தி ஒண்ணுமே இல்லையே."

"கேள்வியில் இல்லை. துணியில் இருக்கு."

அந்த வகுப்பில் இருந்த பதின்மூன்று பேரும் கம்பெனி ஆட்கள். முன் பெஞ்சில் இருந்த செக்யூரிட்டி முனுசாமி எழுந்தார். "பெருசு சொல்றதுல நாயம் கீது மிஸ். எங்க கம்பெனில தகடு வெட்டுனா மூலைல போவும்." பிஸ்கட் கம்பெனிப் பெண் ஒருத்தி, உடைசல் மட்டும் நூற்றுக்கு மூன்று என்றாள். பெயின்ட் கம்பெனிக்காரர் டப்பாவின் அடியில் ஒட்டுவதைச் சொன்னார். நான்கு நிமிடம் கணக்கு வகுப்பு உற்பத்திக் கூட்டமாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலை குனிந்திருந்தவள் செல்வி ஒருத்திதான்.

மிஸ் எல்லாரையும் பேசவிட்டார். பிறகு அமைதியாக, "ஜூலையில பேப்பர் திருத்தப் போறவங்க உங்க கம்பெனிக்கு வர மாட்டாங்க. புத்தகத்துல இருக்கிறதுக்குத்தான் மார்க்" என்றார். என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு மூணாவது மாதிரித் தேர்வு. ஐயா எழுதிப் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூன்று விநாடி இருந்தது. மூன்றும் முனுசாமி கை தட்டியதில் போயின.

"இதென்ன பெரிய விஷயம்? கொடுங்க" என்றேன். எழுதுகிறவர் மாணவர், மாணவர் என்றால் மாதக் கட்டணம் உண்டு என்று மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். முந்நூற்று ஐம்பதை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

வினாத்தாளைப் பிரித்தேன். ஒரு மதிப்பெண் கேள்விகள் பதினான்கு. அவற்றில் எனக்குப் புரிந்த வாக்கியங்கள் ஆறு. பத்து இருபதுக்கு வேர்த்தது. பத்து நாற்பதுக்கு வட்டம் வரைந்தேன். கவராயத்தின் ஒரு கால் கழன்று பெஞ்சுக்கு அடியில் போனது. நான் வரைந்ததை வட்டம் என்று எந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளாது. வரைபடத் தாளில் கட்டங்களை எண்ணினேன். அது ஒன்றுதான் அன்று சரியாக வந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது.

பதினொன்று ஐந்துக்கு இருபடிச் சமன்பாடு. x² − 2x − 15 = 0. இதை எப்படிப் பிரிப்பது என்று மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தவன் நான். (சொல்லிக்கொடுத்தது, விடையில் எதை அடிக்க வேண்டும் என்பதை மட்டும். பிரித்ததெல்லாம் அவள்.) கண் தானாகச் செல்வியின் தாள் பக்கம் போனது. அவள் கடகடவென்று எழுதிக்கொண்டு போனாள். ஐந்து, மைனஸ் மூன்று. இரண்டையும் பார்த்து எழுதினேன். எழுதிவிட்டு, முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தில், கை தானாக மைனஸ் மூன்றை அடித்தது. காப்பி அடித்தும் முழு மதிப்பெண் வாங்க முடியாதவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்தது கூடாரம். மறுபடியும் எட்டிப் பார்த்தேன். அவள் ஐந்நூற்று ஐம்பது என்று எழுதி, அதற்கு அடியில் கோடு போட்டிருந்தாள். கழிவு இல்லை. நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கவில்லை. இடது கையை மெதுவாக நகர்த்தி விடையை மறைத்துக்கொண்டாள்.

"ஐயா, கண்ணு உங்க பேப்பர்ல இருக்கட்டும்" என்று மிஸ்ஸின் குரல் வந்தது.

"மருமவளாண்ட மாமனாரு காப்பி அடிச்சிக்கினு கீறாரு மிஸ்" என்று முனுசாமி எல்லாருக்கும் விளக்கினார். பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்காத ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள்.

பத்து வருடமாக எனக்குச் சோறு போடுகிற கை அது. வீட்டில் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அந்தப் பெஞ்சில் கையை எடுக்கவே இல்லை. அவளுக்கு அங்கே மாமனார் கிடையாது. முப்பத்தைந்து மதிப்பெண் மட்டும்தான். எனக்குப் புரிய வேண்டியது அப்போதுதான் புரிந்தது. கூடாரத்துக்கு ஐந்நூற்று ஐம்பது என்று நானே போட்டுப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கழிவு சேர்க்காமல் விட்டேன். ஐந்து மதிப்பெண் கிடைத்தது.

எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் மிஸ் எங்கள் தாள்களைத் திருத்தினார். செல்வி நாற்பத்தேழு. நான் இருபத்தேழு. மிஸ் மெதுவாகத்தான் சொன்னார். முனுசாமி உரக்கச் சொன்னார்.

திரும்பும் ரயில் கவரப்பேட்டையைத் தாண்டியது. அதற்குப் பிறகு அவள் சொன்னாள்: "மாமா, இனிமே காலைல நீங்க டீ மட்டும் போட்டுக் குடுங்க. கணக்க நான் பாத்துக்கிறேன்."

"சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

"அத மட்டும் நல்லா எண்ணுங்க" என்றாள். சிரித்தாளா என்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூலையில் எழுதினாள். ஐம்பத்திரண்டு. ஆகஸ்டில் லைன் லீடர். நான் சொல்லிக்கொடுத்ததில் பாதியாவது உதவியிருக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் இலேசாகச் சொல்லிப் பார்த்தேன். "நீங்க சொன்னத மறக்கறதுக்கே அவுளுக்கு ஒரு மாசம் ஆச்சு" என்று கன்னியம்மா ரசம் ஊற்றினாள்.

அதோடு முடிந்திருக்கும். செல்வி கதையைக் கம்பெனி பஸ்ஸில் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் அந்த பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும்போது ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து, "இருவத்தேழு மாமா, டீ ஆச்சா?" என்று குரல் வரும். பேத்தி குறைவான மார்க் வாங்கி வந்தால் என் மகன் அவளைத் திட்டுவதில்லை. "தாத்தாவ வுட ஜாஸ்திதான்" என்று கையெழுத்துப் போடுகிறான்.

அந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் நான்கு பெண்கள், அதே கணக்கில் அதே மாதிரி நின்றுபோனவர்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தவர்கள். ஸ்டோர்ஸ் பார்த்த பெருசே இருபத்தேழுதான் என்றால் நமக்கென்ன வெட்கம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். செல்வி உள்ளே வந்து, "மாமா, இவங்குளுக்கு மொத மாசம் பீஸு நீங்க கட்டறீங்கனு சொல்லிட்டேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். லைன் லீடர் குரல் அது. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பீரோவைத் திறந்தேன்.

அந்த நான்கு பேருக்கு, ஆளுக்கு முந்நூற்று ஐம்பது வீதம், ஆயிரத்து நானூறு. ஜூன் எட்டாம் தேதி எனக்கு நானே கட்டியது முந்நூற்று ஐம்பது. அன்றைய வினாத்தாள் ஜெராக்ஸுக்கு எட்டு ரூபாய். இரண்டு முறை கூட்டிப் பார்த்து, பிறகு செல்வியிடம் கொடுத்துச் சரிபார்த்தும் வாங்கிவிட்டேன்: ஆக மொத்தம் ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தெட்டு ரூபாய்.